தொந்தி செல்வத்தின் சின்னமன்று!

சீமானை வரைய வேண்டுமென்றால் பெருந்தொந்தியை வரைவார்கள். ஏழையை வரைய வேண்டுமென்றால் எண்ணிவிடக்கூடிய விலா எலும்புகளை வரைவார்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது! தொந்தி இன்று மாளிகையை மட்டுமன்று, குடிசையையும் தேடி வந்திருக்கிறது.

2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் மிகை எடையுடையோர் நூற்றுக்கு 31 பேர். ஆண்களில் 28 பேர். 2019-21 கணக்கிலோ அவை 40, 37 என உயர்ந்துவிட்டன. நாளைய முதியோர் இவர்கள்தாமே!

'வயதானால் சதை போடுவது இயல்புதானே' என்பர் சிலர். முதுமையில் போடுவது சதையன்று, கொழுப்பு! தசை கரைகிறது, அவ்விடத்தில் கொழுப்பு குடியேறுகிறது. இரத்தத்திலுள்ள சர்க்கரையைப் பெருமளவு செலவிடுவது தசை. அது குறைய, நீரிழிவு நுழைகிறது. இரத்தக் கொதிப்பும் மாரடைப்பும் பின்தொடர்கின்றன. மூட்டுத் தேய்ந்தவர் ஒரு கிலோ எடை குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது. ஆனால் முழங்கால் வலிப்பதால் நடப்பதில்லை. நடக்காததால் எடை ஏறுகிறது. எடை ஏறுவதால் மேலும் வலிக்கிறது. செக்குமாட்டுச் சுற்று!

'வாயைக் கட்டு' என்று பெரியவர்களை ஏசுவது எளிது. பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் போய்விடுமே! நாம் கேட்கிறோம்: பசியை ஓட்டிய நியாயவிலைக் கடை அரிசியைப் பழிப்போர் அல்லர் நாம், ஆனால் சோறு மட்டுமே தட்டை நிரப்பினால் போதுமா? பருப்பும் முட்டையும் காயும் வாங்க முதியவர் கையில் காசு வேண்டாமா? வாரத்திற்கு 150 நிமிடம் நடையோ அதற்கு ஈடான உழைப்போ வேண்டும், இரண்டு நாளேனும் தசைக்குப் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடக்கலாம், நடைபாதை எங்கே? வண்டிகள் ஏறி நிற்கும் இடத்தில் தாத்தாவும் பாட்டியும் எப்படி நடப்பர்?

கழக ஆட்சி 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நோயாளியின் வாசலுக்கே மாத்திரையைக் கொண்டுசென்றது. பெருமை கொள்கிறோம். ஆனால் மாத்திரை, வந்த நோய்க்கு. நாம் கேட்பது வருமுன் காக்க! வாசலுக்குச் செல்வோர் கையில் ஓர் அளவுநாடாவும் இருக்கட்டும். இடுப்பளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் எச்சரிக்கட்டும். நியாயவிலைக் கடையில் பருப்பின் அளவு கூடட்டும். நடைபாதை நடப்போர்க்கே மீளட்டும்.

ஓடி உழைத்து நாட்டை உயர்த்தியவர்கள் அவர்கள். உட்கார்ந்தே மடிய விடலாமா?