தன்வினையும் பிறவினையும்

2025 ஜூலை 25 அன்று சத்தீஸ்கர் மாநிலம் துர்க் ரயில் நிலையத்தில், கேரளத்தைச் சேர்ந்த கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் இருவர் கைது செய்யப்பட்டனர். நாராயண்பூர் மாவட்டத்துப் பழங்குடிப் பெண்கள் மூவரை வேலைக்காக ஆக்ராவுக்கு அழைத்துச் செல்ல வந்ததுதான் அவர்கள் செய்த குற்றம். பஜ்ரங் தளத்தினர் கூடிக் கூச்சலிட்டனர். ரயில்வே காவல்துறை ஆள்கடத்தல் என்றும் மதமாற்றம் என்றும் வழக்குப் பதிந்தது. அந்தப் பெண்கள் மூவரும் வயது வந்தவர்கள். விருப்பத்துடனேயே புறப்பட்டதாகவும், தாங்கள் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள் என்றும் கூறினர். அந்தச் சொல்லுக்கு வழக்கில் இடமில்லை. இடதுசாரித் தலைவர்கள் துர்க் சிறைக்கே சென்று இரு சகோதரிகளையும் சந்தித்தனர். ஆகஸ்ட் 2 அன்று பிலாஸ்பூர் நீதிமன்றம் பிணை வழங்கிய பின்னரே அவர்கள் வெளியே வர முடிந்தது.

இச்செய்திகளைத் தமிழாக்கும்போது ஒரு சொல் மீண்டும் மீண்டும் இடறியது. தமிழில் ‘மாறு’ என்பது தன்வினை. ‘மாற்று’ என்பது பிறவினை. மதம் மாறுகிறவர் ஒருவர் உண்டு என்பதையே மறந்துவிட்டு, மாற்றியவர் யார் என்று மட்டுமே காவல்துறை தேடுகிறது. ஏடுகளும் ‘மதமாற்றம் செய்யப்பட்டனர்’ என்று செயப்பாட்டுவினையில் எழுதிப் பழகிவிட்டன. உயர்சாதி அறிவாளர் ஒருவர் மதம் மாறினால் அது ஆன்மிகத் தேடல். தலித்தோ பழங்குடியோ மாறினால் அவர் மாற்றப்பட்டவர். இலக்கணம்கூட இங்கே வருணம் பார்க்கிறது.

அரசியலமைப்பின் 25ஆவது கூறு, மனச்சான்றுச் சுதந்திரத்தையும் ஒரு மதத்தை ஏற்கவும் பின்பற்றவும் பரப்பவும் உள்ள உரிமையையும் தருகிறது. ‘பரப்ப’ என்னும் அந்தச் சொல் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கடும் விவாதத்துக்கு உள்ளானது. அதை ஆதரித்துப் பேசியவர்களுள் ஒருவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அவர் இடதுசாரி அல்லர், தொழிலதிபர். இந்நாட்டில் பலர் கிறிஸ்தவத்தைத் தழுவியதற்கு, அது அவர்களுக்கு அளித்த மதிப்பும் ஒரு காரணம் என்ற உண்மையைச் சொல்ல அவர் தயங்கவில்லை. 1977இல் உச்ச நீதிமன்றம், மதக் கோட்பாட்டை எடுத்துரைக்க உரிமை உண்டு, பிறரை மதம் மாற்ற அடிப்படை உரிமை இல்லை என்று தீர்ப்பளித்து, ஒடிசாவின் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தையும் மத்தியப் பிரதேசத்தின் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தையும் செல்லும் என்றது. எடுத்துரைப்பதைக் கேட்டு ஒருவர் ஏற்றுக்கொண்டால் அதற்குப் பெயர் என்ன? இக்கேள்விக்கு அத்தீர்ப்பில் தெளிவான விடை இல்லை. அந்த இடைவெளியில்தான் இன்றைய சட்டங்கள் வளர்ந்திருக்கின்றன. உத்தரப் பிரதேசத்தில் மதம் மாற விரும்புகிறவர் 60 நாட்களுக்கு முன்பே மாவட்ட நிர்வாகத்துக்கு அறிவிக்க வேண்டும். அதன்மேல் காவல்துறை விசாரிக்கும். விட்டுவந்த மதத்துக்கே திரும்பினால் அது மதமாற்றம் ஆகாது என்று அதே சட்டம் கூறுகிறது. போகிறவருக்குச் சோதனைச்சாவடி, திரும்புகிறவருக்குத் திறந்த வாசல். தமிழ்நாட்டிலும் 2002இல் இத்தகைய சட்டம் வந்தது. 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பிறகு, கொண்டுவந்த அரசே அதைத் திரும்பப் பெற்றது.

‘ஆசைகாட்டல்’ என்ற குற்றச்சாட்டையும் பார்ப்போம். ஆர்.எஸ்.எஸ். சார்புடைய வனவாசி கல்யாண் ஆசிரமம் 1952 முதல், இன்றைய சத்தீஸ்கரில் உள்ள ஜஷ்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு பழங்குடிச் சிறுவர்களுக்குப் பள்ளியும் விடுதியும் நடத்திவருகிறது. அது சேவை. அதே மாநிலத்தில் கன்னியாஸ்திரீ நடத்தும் மருந்தகமும் பள்ளியும் தூண்டில். அரசுப் பள்ளியும் அரசு மருத்துவமனையும் அம்மலைகளுக்கு ஒழுங்காகப் போயிருந்தால் இரு தரப்பாருக்கும் அங்கே வேலை குறைந்திருக்கும் என்பதை யாரும் பேசுவதில்லை.

சட்டம் எப்படி மனச்சான்றுக்கு விலை குறிக்கிறது என்பதை அறியச் சத்தீஸ்கர் வரை செல்ல வேண்டியதில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி மலையடிவாரத்து வித்துராவுக்குச் சென்றாலே போதும். அங்கே காணிப் பழங்குடியினரும் வாழ்கின்றனர், தலித் மக்களும் வாழ்கின்றனர். ஒரு காணிக் குடும்பமும் ஒரு புலையர் குடும்பமும் ஒரே ஞாயிறன்று ஞானஸ்நானம் பெறுவதாக வைத்துக்கொள்வோம். காணிக் குடும்பம் மறுநாளும் பட்டியல் பழங்குடியே. அப்பட்டியலுக்கு மத நிபந்தனை இல்லை. புலையர் குடும்பமோ பட்டியல் சாதித் தகுதியை இழந்துவிடுகிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் 3ஆவது பத்தி அவ்வாறு விதிக்கிறது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விலக்களித்த அந்த ஆணை, கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் இன்றுவரை கதவடைத்தே நிற்கிறது. கேரள அரசு இவர்களுக்குக் கல்விச் சலுகையும் மாநிலப் பணிகளில் 1 சதவீத ஒதுக்கீடும் வழங்குகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பை மாநில அரசு தர இயலாது. தனித்தொகுதியில் போட்டியிடும் உரிமையையும் தர இயலாது.

இப்போது சங் பரிவாரத்தின் ஜன்ஜாதி சுரக்ஷா மஞ்ச், மதம் மாறிய பழங்குடியினரையும் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்கிறது. புலையர் வீட்டுக்கு இழைக்கப்பட்ட அநீதியைச் சரிசெய்யச் சொல்லவில்லை; காணி வீட்டுக்கும் அதையே இழைக்கச் சொல்கிறது.

ஞானஸ்நானம் பெற்றதும் சாதி போய்விடுகிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம். வரலாறு வேறு சொல்கிறது. திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை, 1745இல் எல்லை கடந்து வடக்கன்குளம் சென்று கத்தோலிக்கராகித் தேவசகாயம் ஆனார். தாம் ஏற்றதை மனைவிக்குச் சொன்னார், பிறருக்கும் சொன்னார்; ஒதுக்கப்பட்டவர்களோடு சமமாகப் பழகினார். சிறையிடப்பட்டு, 1752 ஜனவரியில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது ‘பிள்ளை’ என்ற சாதிப் பெயரை வத்திக்கான் நீக்கியிருந்தது. நல்லது. ஆனால் அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய கோவிலுக்குள் வெள்ளாளரையும் நாடாரையும் பிரித்துச் சுவர் நின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதிரியார் ஒருவர் அதை இடித்தபோது, சுவர் வேண்டும் என்று நீதிமன்றம் சென்றவர்களும் கத்தோலிக்கர்களே. தமிழகக் கிராமங்கள் பலவற்றில் கல்லறைத் தோட்டங்களின் நடுவே இன்றும் அந்தச் சுவர் இருக்கிறது. தலித் கிறிஸ்தவருக்கு இட ஒதுக்கீடு கேட்டு டெல்லிக்குச் செல்லும் ஆயர்கள், வழியில் இக்கல்லறைகளையும் பார்த்துச் செல்லலாம்.

நாம் எந்த மதத்துக்கும் ஆள் சேர்ப்பவர்கள் அல்லர். ஒரு தொழிலாளி மாதாவை வணங்குவதா, மாடனை வணங்குவதா, இரண்டையும் விட்டுவிடுவதா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். தீர்மானித்ததைப் பக்கத்து வீட்டாரிடம் அச்சமின்றிச் சொல்லட்டும். நம் கட்சித் தோழர்கள் வீடு வீடாகச் சென்று செய்வதும் ஒரு கருத்தை எடுத்துரைப்பதுதானே?

1950 ஆணையின் மத நிபந்தனையை நீக்குமாறு ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007லேயே பரிந்துரைத்தது. அதைக் கிடப்பில் போட்ட ஒன்றிய அரசு, 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையத்தை அமைத்தது. உச்ச நீதிமன்றத்தில் இது குறித்த வழக்கு தொடுக்கப்பட்ட ஆண்டு 2004. இதற்குமேல் ஆராய ஏதுமில்லை. 3ஆவது பத்தியை நீக்க வேண்டும். பழங்குடிப் பட்டியலில் கைவைக்கும் முயற்சியை நாடாளுமன்றத்திலும் மலைக்கிராமங்களிலும் முறியடிக்க வேண்டும்.