1944, கெய்ரோ: ஒரு கம்பிச்சுருளும் பெயரில்லாப் பெண்களும்

மின்னணு இசையின் வரலாற்றைக் கற்பிக்கும் பாடத்திட்டங்கள் பெரும்பாலும் 1948-இல், பாரிசில் தொடங்குகின்றன. பிரெஞ்சு வானொலியில் பணியாற்றிய பியர் ஷெஃபர், தொடர்வண்டி முதலியவற்றின் ஓசைகளைப் பதிந்து, சுழற்றி, அடுக்கி உருவாக்கிய ஆக்கங்கள் அவ்வாண்டு அக்டோபரில் ஒலிபரப்பாயின. அண்மைக் காலமாக அதற்கு மாற்றாக வேறோர் ஆண்டும் நகரமும் முன்வைக்கப்படுகின்றன: 1944, கெய்ரோ. ஆள், ஹலீம் எல்-தாப். மேற்கு மறைத்த முன்னோடி என்ற அடைமொழியோடு அவருடைய படம் சமூக ஊடகங்களில் அவ்வப்போது வலம் வருகிறது. நம் துறை நண்பர்களும் பகிர்கிறார்கள். பகிர்வதில் குற்றமில்லை. ஆயின், ஒரு தந்தையின் படத்தைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் இன்னொரு தந்தையின் படத்தை மாட்டுவதோடு நம் வேலை முடிந்துவிட்டதாக நாம் எண்ணுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

எல்-தாப் 1921-இல் கெய்ரோவில், ஒரு காப்டிக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். படித்தது வேளாண்மை. 1944-இல் கெய்ரோ வானொலி நிலையம் ஒன்றிலிருந்து கம்பி ஒலிப்பதிவுக் கருவியை இரவல் பெற்று, பெண்கள் நிகழ்த்தும் 'ஸார்' என்னும் சடங்கைப் பதிவுசெய்தார். ஒலிநாடா பரவலாவதற்கு முந்தைய காலம் அது. மெல்லிய எஃகுக் கம்பியில்தான் ஒலி காந்தமாகப் பதியும். ஆவி பற்றியதாகக் கருதப்படும் பெண்ணைப் பாட்டாலும் பறையோசையாலும் ஆற்றுப்படுத்துவது ஸார். பதிவை வானொலிக் கூடத்துக்குக் கொண்டுவந்த எல்-தாப், எதிரொலி அறையின் நகரும் சுவர்களைப் பயன்படுத்தியும் மின்னழுத்தத்தை மாற்றியும் குரல்களின் அடிச்சுரங்களை விலக்கினார். எஞ்சியவை மேற்சுரங்கள் மட்டுமே. யார் பாடினார், என்ன சொற்களைப் பாடினார் என்பன கரைந்து, தொலைவிலிருந்து வரும் காற்றைப் போன்ற ஓர் அதிர்வு நிற்கிறது. கெய்ரோவின் காட்சிக்கூடம் ஒன்றில் அது ஒலிக்கவிடப்பட்டது. இன்று நமக்குக் கேட்கக் கிடைப்பது அதிலிருந்து ஏறத்தாழ இரண்டு நிமிடப் பகுதி. கேளுங்கள், ஷெஃபரின் தொடர்வண்டிகளை விட இது எனக்கு நெருக்கமானது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இவரைப் பற்றி எழுதுவோர் தவறாமல் கையாளும் சொல் 'பல்பண்பாட்டு வேர்கள்'. அவருடைய வாழ்க்கைப் பாதை அதற்கு இடமளிக்கவே செய்கிறது. 1950-இல் அமெரிக்கா சென்றார். ஏர்ன்ஸ்ட் கிரெனெக்கிடமும் ஏரன் கோப்லண்டிடமும் பயின்றார். நியூ மெக்சிகோவின் பூர்வகுடிகளின் இசையோடு பழகினார். மார்த்தா கிரகாமின் 'கிளைட்டம்னெஸ்ட்ரா' நாட்டியத்துக்கு 1958-இல் இசையமைத்தார். அடுத்த ஆண்டு கொலம்பியா-பிரின்ஸ்டன் மின்னணு இசை மையத்தில் 'லைலாவும் கவிஞனும்' என்னும் ஆக்கத்தை உருவாக்கினார். 1960-களின் தொடக்கத்தில் எத்தியோப்பியாவில் கற்பித்தார். பின்னர் ஹவர்ட் பல்கலைக்கழகம், கெண்ட் மாநிலப் பல்கலைக்கழகம். 2017-இல் மறைந்தார்.

ஆனால் வேர் என்ற உருவகம் ஒன்றை மறைத்துவிடுகிறது. ஸார் அவருடைய வேரன்று. அவர் ஆண், படித்த காப்டிக் குடும்பத்தார். சடங்கோ பெண்களுடையது, எத்தியோப்பியா, சூடான் வழியாக, அடிமைப்படுத்தப்பட்ட மக்களோடு எகிப்துக்கு வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. கெய்ரோவில் பிறந்ததாலேயே கெய்ரோவின் ஓசையெல்லாம் ஒருவருக்கு மரபுரிமையாகிவிடுமா? பிரான்சில் பிறந்த ஷெஃபரின் தொடர்வண்டியை யாரும் அவருடைய வேர் என்பதில்லை. அதைச் சோதனை என்கிறோம். எல்-தாப் செய்தாலோ பண்பாடு என்கிறோம். அறைச்சுவரை நகர்த்தி நகர்த்தி அடிச்சுரத்தை விலக்கிக்கொண்டிருந்த ஒருவரின் தொழில்நுட்ப அறிவை இப்பாராட்டு ஓசையின்றித் திருடிக்கொள்கிறது. உழைத்துக் கற்றதை இரத்தத்தில் வந்ததாக மாற்றிச் சொல்லும் இவ்வழக்கம் நமக்கும் பழக்கமானதுதானே.

யார் முதல்வர் என்ற வழக்கைப் பற்றி ஒரு சொல். ஷெஃபருக்குப் பின்னால் அரசு வானொலி இருந்தது. தம் முறைக்கு அவர் பெயரிட்டார், கோட்பாடு எழுதினார், மாணவர்களைச் சேர்த்தார். எல்-தாப்புக்கு இருந்தது இரவல் கருவி. ஒரு சோதனை மரபாக வளர்வதற்கு நிறுவனம் தேவைப்படுகிறது. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் டேவிட் டியூடரின் உதவியோடு ஒரு மின்னணு இசைக்கூடம் அமைந்ததும், அங்கு உருவான ஒலிநாடாக்கள் பல்லாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்ததும் இதற்கு இந்தியச் சான்று. (அந்நாடாக்கள் மீண்டும் வெளிவந்தபோது நாம் கேட்ட முதற்கேள்வியும் யார் முதல்வர் என்பதாகவே இருந்தது.)

என்னை உறுத்துவது வேறு. அந்த இரண்டு நிமிடங்களில் ஒலிப்பவை ஸார் பெண்களின் குரல்கள். எல்-தாப்பை மீட்டெடுக்கும் கட்டுரைகளில் அவர்கள் மூலப்பொருளாகவே வருகிறார்கள். எல்-தாப் செய்தது திருட்டென்று நான் சொல்லமாட்டேன். அது முழுமையான படைப்புச் செயல். எனினும் குரலுக்குரியவரின் அடையாளம் அழிந்த இடத்திலேயே ஆசிரியரின் பெயர் தோன்றுகிறது என்பதும் உண்மை. மறைக்கப்பட்டவருக்கு நீதி கேட்கும் நம் கட்டுரைகள் இக்கேள்வியைத் தாண்டிச் செல்வது எளிதாக இருக்கிறது. ஏனெனில் நம் கள ஆய்வுகளும் ஏறத்தாழ இப்படித்தான் நடக்கின்றன. பல்கலைக்கழகச் சேமிப்புகளில் நான் கண்ட சடங்குப் பதிவுகள் பலவற்றில் பதிவுசெய்த ஆய்வாளரின் பெயர், துறை, நாள், கருவியின் வகை எல்லாம் இருக்கும். பாடியவர் என்ற கட்டத்தில் 'பெண்கள் குழு' என்றோ ஊர்ப்பெயரோ மட்டும் இருக்கும்.

அடுத்த பருவத்தில் இப்பாடத்தை எடுக்கும் நண்பர்களுக்கு ஒரு கோரிக்கை. எல்-தாப்பைப் பாடத்திட்டத்தில் சேருங்கள், ஷெஃபருக்கு முன்பே வையுங்கள். கூடவே மாணவர்களிடம், அவர்கள் களத்தில் பதிந்துவைத்திருக்கும் ஒலிக்கோப்புகளைத் திறந்து, அவற்றில் பாடும் ஒவ்வொருவரின் பெயரையும், அவர் தம் பெயர் வெளிவர விரும்புகிறாரா என்பதையும் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். பாடியவர்களுள் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.