‘வேண்டாம்’ என்று சொல்லட்டும்

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் பூ வாங்கிக்கொண்டிருந்தேன். கிள்ளானில் இருக்கும் பழைய தோழி மகளோடு எதிர்ப்பட்டார். மகளுக்கு வயது 22. அறிவுத்திறன் குறைபாடு உண்டு. "தங்கமான பிள்ளை அக்கா. யார் கூப்பிட்டாலும் போவாள், எது சொன்னாலும் தட்டமாட்டாள்" என்றார் பெருமையாக. எனக்குப் பகீரென்றது.

2018-இல் வெளியான சென்னை அயனாவரம் வழக்கு உங்களுக்கு நினைவிருக்கலாம். செவித்திறன் குறைந்த 11 வயதுச் சிறுமி பல மாதங்களாகப் பாலியல் கொடுமைக்கு ஆளானாள். கைதானவர்கள் அவள் குடியிருந்த அடுக்குமாடியிலேயே வேலை பார்த்த லிஃப்ட் இயக்குபவர், காவலாளிகள், பிளம்பர்கள். 2020 பிப்ரவரியில் போக்சோ நீதிமன்றம் 15 பேரைக் குற்றவாளிகள் என்றது. அத்தனையும் தினம் பார்த்த முகங்கள். சொன்னதைக் கேட்கும் பிள்ளை, தெரிந்தவர் சொன்னாலும் கேட்கும். அதுதான் என் பயம்.

தோழியிடம் சொன்னேன். "அவளுக்கு என்ன அக்கா புரியும்?" என்றார். மெதுவாகப் புரியும். உடல் உறுப்புகளின் பெயரைப் படம் காட்டிச் சொல்லுங்கள், பலமுறை சொல்லுங்கள். குளிக்க, உடை மாற்ற யார் உதவலாம் என்பதை அவளோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். "அம்மாவிடம் சொல்லாதே" என்று யாராவது சொன்னால், அதைத்தான் முதலில் சொல்லவேண்டும் என்று பழக்குங்கள். வீட்டில் அவள் "வேண்டாம்" என்றால், மாமா கொடுக்கும் முத்தமானாலும் விட்டுவிடுங்கள்.

திடீரென்று ஒருவரைக் கண்டு மிரண்டால், வேனில் ஏற மறுத்தால், அடம் என்று அதட்டாதீர்கள். ஏதாவது சொன்னால் நம்புங்கள்; துருவித் துருவிக் கேட்காதீர்கள். உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். குளிப்பாட்டவோ துணியைத் துவைக்கவோ வேண்டாம். போலீசில் புகார் செய்யுங்கள். தாலியான் காசே 15999 எண்ணில் எந்நேரமும் பேசலாம். குடும்ப மானம் என்று மூடி மறைத்தால், செய்தவனுக்குத்தான் லாபம்.

"அவளே ஒத்துக்கொண்டாள்" என்ற சாக்கும் எடுபடாது. செயலின் தன்மையும் விளைவும் புரியாத பெண்ணின் சம்மதத்தை நம் குற்றவியல் சட்டத்தின் 375-ஆவது பிரிவு சம்மதமாகவே ஏற்பதில்லை.

சென்ற வாரம் கிள்ளானுக்குப் போயிருந்தேன். பாசத்தில் அந்தப் பெண்ணின் கன்னத்தைக் கிள்ளப் போனேன். கையைத் தள்ளிவிட்டு, "வேண்டாம் பெரியம்மா" என்றாள். தோழி பதறி மன்னிப்புக் கேட்டார்.

"திட்டாதே, நல்ல பிள்ளை" என்றேன்.