நூறு பேரில் நான் எவன்?

நமது கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கணிதத்தைப் பற்றி யாதேனும் எழுதித் தருமாறு மலராசிரியர் பணித்தபோது, தேற்றமொன்றை விளக்கி அன்பர்களின் பொறுமையைச் சோதிக்க மனம் ஒருப்படவில்லை. பல்லாண்டு கரும்பலகையின் முன் நின்ற எனக்கு, வகுப்புக்கு வெளியே ஒரு மாணாக்கன் கேட்ட வினாவே இன்றும் நெஞ்சில் நிற்கின்றது. அதனையே ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன்.

அவனுக்கு அப்போது வயது 12. காலில் நோயுற்று வைத்தியசாலையிற் கிடந்தான். சத்திரசிகிச்சை செய்தாற் குணமடைவதற்குத் தொண்ணூறு வீதம் இடமுண்டென வைத்தியர் தந்தையாரிடம் கூறியதை அவன் எப்படியோ கேட்டுவிட்டான். தந்தையார் என்னைத் தனியே அழைத்து, “மாஸ்டர், பிள்ளைக்கு ஒன்றுஞ் சொல்லவேண்டாம், அவனுக்கு என்ன விளங்கப் போகுது?” என்றார். நான் கட்டிலருகே சென்று அமர்ந்ததும் பிள்ளை கேட்ட முதற் கேள்வி: “சேர், நான் அந்தத் தொண்ணூறிலோ, மற்றப் பத்திலோ?”

நிகழ்தகவுக் கலையின் நடுநாடியைத் தொடும் வினா இது. இதனைக் கேட்டவனுக்கு ஒன்றும் விளங்காதென்று கூறுவதெங்ஙனம்?

பிள்ளைகளுக்கு இத்துறை எட்டாதென்னுங் கருத்துக்கு அறிஞர் ஆதரவும் ஒருபுறம் உண்டு. சுவிற்சலாந்து நாட்டு உளவியலறிஞர் பியாசேயும் அவருடன் ஆராய்ந்த இன்கெல்டரும் 1951 இல் இப்பொருள்பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். ஏறக்குறைய 7 வயதுக்குட்பட்ட பிள்ளை தற்செயலையும் நியதியையும் வேறுபிரித்தறியாது. விகிதத்தை நோக்கும் ஆற்றல் 11, 12 வயதளவிலேயே கைகூடும் என்பது அவர் முடிபு. இதில் உண்மையுண்டு. ஒரு பையிற் சிவப்பு மணி 1, கறுப்பு மணி 1. மற்றொரு பையிற் சிவப்பு 2, கறுப்பு 6. கண்ணைமூடிச் சிவப்பை எடுக்க வேண்டுமாயின் எப்பையிற் கையிடுவாய் எனச் சிறு பிள்ளையைக் கேளுங்கள். இரண்டு சிவப்புள்ள பையையே பெரும்பாலும் அது நாடும்.

ஆயின், பிள்ளையின் மயக்கம் முழுதும் பிள்ளையின் குற்றமன்று. நாம் கூறும் முறையின் குற்றமும் அதிற் கலந்துள்ளது. லிச்சி சூ, கேர்ட் கிகெரென்சர் என்னும் இருவர் சீனத் தலைநகரிலே நான்காம், ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஆராய்ந்து 2006 இல் வெளியிட்ட கட்டுரை இதனைத் தெளிவாக்குகின்றது. அவர் கொடுத்த கணக்குகளுள் ஒன்று வேடிக்கையானது. ஓர் ஊரில் 10 வீதத்தினர் பொய்யர். பொய்யருள் 80 வீதத்தினர்க்குச் செம்மூக்கு. மற்றையோருள்ளும் 10 வீதத்தினர்க்குச் செம்மூக்கு. செம்மூக்கன் ஒருவன் எதிர்ப்பட்டால் அவன் பொய்யனாயிருத்தற்கு வாய்ப்பு யாது? இவ்வாறு வீதத்தாற் கேட்டபோது ஒரு பிள்ளைதானும் விடை கண்டிலது. அதே கணக்கை ஆட்களை எண்ணிக் கூறினர்: ஊரில் 100 பேர், பொய்யர் 10 பேரில் 8 பேர் செம்மூக்கர், ஏனைய 90 பேரில் 9 பேர் செம்மூக்கர். உடனே விடை பிறக்கத் தொடங்கிற்று: 17 பேரில் 8 பேர். வகுப்பு ஏற ஏற விடைகண்டோர் தொகையும் ஏறிற்று. நோயைக் காட்டும் சோதனையின் கணக்கும் இதே கணக்கன்றோ? செம்மூக்கை நோய்க்குறியாகவும் பொய்யை நோயாகவும் கொண்டு பார்த்தால் இது புலனாகும்.

இனி, என் மாணாக்கனிடம் மீள்வோம். மறுநாள் தந்தையாரின் அரைமனச் சம்மதத்துடன் 100 புளியங்கொட்டைகளைக் கொண்டு சென்றேன். தாயம் ஆடுவதற்குச் செய்வது போல அவற்றுட் பத்தை உரைத்து வெண்மையாக்கியிருந்தேன். கட்டிலின்மீது பரப்பி, “தம்பி, உன்னைப் போன்ற 100 பிள்ளைகள் இவர்கள். வெள்ளையானோர் குணமடையாதோர். நீ எக்கொட்டை என்பது எனக்குந் தெரியாது, வைத்தியருக்குந் தெரியாது” என்றேன். அவன் நெடுநேரம் அவற்றை அளைந்துகொண்டிருந்தான். பின்னர், “வெட்டாமல் விட்டால் எத்தனை வெள்ளை, சேர்?” என்றான்.

நான் வெட்கினேன். அவ்வினாவைத் தந்தையாரும் கேட்டிலர். கணிதம் கற்பித்த யானுங் கேட்டிலேன். வைத்தியரை வினவியபோது, அறுபது என்றார்.

ஒரு வழியின் இடரைமட்டும் நோக்கி அஞ்சுவதும், வாளாவிருப்பதன் இடரை மறப்பதும் வளர்ந்தோரின் பழம்பிழை. 1721 இல் அமெரிக்காவின் பொஸ்தன் நகரில் அம்மை பரவியபோது, நோயுற்ற ஏறக்குறைய 5,900 பேரில் 844 பேர் மாண்டனர். எழுவருள் ஒருவர் என்க. பொயில்சுதன் என்னும் வைத்தியர் தம் 6 வயது மகன் தொடக்கமாக ஏறத்தாழ 240 பேருக்கு அம்மைப்பால் கீறினார். இறந்தோர் 6 பேர், அஃதாவது நாற்பதின்மருள் ஒருவர். இக்கணக்கு வெளிவந்த பின்னரும் மக்கள் தயங்கினர். அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளினே தம் மகனுக்கு அதனைச் செய்விக்காது விட்டு, 1736 இல் அந்த 4 வயதுக் குழந்தையை அம்மைக்குப் பறிகொடுத்து, அதனை எண்ணி நெடுங்காலம் வருந்தினார்.

“பிள்ளையின் தலையிற் பாரத்தை ஏற்றலாமோ?” என்று அன்பர் சிலர் வினவக்கூடும். நேரிய வினாவே. முடிவு செய்யும் பொறுப்பு பெற்றோர்க்கும் வைத்தியர்க்கும் உரியது. அதனைப் பிள்ளைமீது சுமத்துதல் கொடுமை. ஆயினும் அறிதல் வேறு, முடிவு செய்தல் வேறு. மருந்தென்பதை நான்கு கூறாக வகுத்த வள்ளுவர் நோயுற்றவனையே முதற்கண் வைத்தார். மருத்துவனும் மருந்தும் உடனிருந்து பேணுவோனும் அவன்பின்னரே வருகின்றனர். நோயுற்றவன் சிறுவனாயின் அவ்விடம் அவனுக்கில்லையென்று அவர் கூறிற்றிலர். 1989 இல் உருவாகி 1991 இல் இலங்கையும் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயமும், தன்னைப் பற்றிய காரியங்களிற் பிள்ளை கூறுங் கருத்துக்கு அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிப்பளிக்க வேண்டுமென்கின்றது. மறைத்தலாற் பிள்ளையின் அச்சம் நீங்குவதில்லை. துணையின்றித் தனித்து அஞ்சுகின்றது, அவ்வளவே.

ஆகவே, வைத்தியத்துறையிற் புகழுடன் விளங்கும் நம் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்: வீதத்தை விடுத்து ஆட்களை எண்ணிக் கூறுங்கள், தேறுவோரையும் தேறாதோரையும் சேர்த்தே கூறுங்கள், செய்தால் எத்தனை, செய்யாவிடில் எத்தனை என இரண்டையும் அதே நூறு பேரிற் காட்டுங்கள். ஆசிரியர்க்கும் ஒரு சொல்: நிகழ்தகவை மேல்வகுப்புக்கெனப் பூட்டி வையாதீர்கள். வருடாந்தத் துடுப்பாட்டப் போட்டியில் நம் அணித்தலைவர் நான்கு முறை நாணயச் சுழற்சியிற் தோற்றால், ஐந்தாம் முறை வெற்றி நிச்சயமென்று மாணவர் பந்தயங் கட்டுவர். நாணயத்துக்கு நினைவில்லை என்னும் பாடத்தை அன்றே, அம்மைதானத்திலேயே கற்பிக்கலாம்.

சத்திரசிகிச்சை நிகழ்ந்தது, பிள்ளை தேறினான். அதனால் எங்கள் முடிவு சரியாயிற்று என எவருங் கொள்ளற்க. அவன் வெள்ளைக் கொட்டைகளுள் ஒன்றாயிருந்திருப்பினும் அம்முடிவு சரியான முடிவே. இதனை விளங்கிக்கொள்ள எனக்குப் பல்லாண்டு சென்றன. மயக்க மருந்து கொடுக்க அழைத்துச் சென்றபோது அவன் தந்தையாரின் கையைப் பற்றி, “அப்பா, பத்து அறுபதிலும் குறைவுதானே” என்றான். அன்று தேறுதல் பெற்றவர் தந்தையாரே.