மின்கண் இல்லாத கதவு வேண்டாம்

அப்புத்தளை மூடுபனியில் வாகனத்தை விட்டு இறங்காமலே ரோலர் கதவைத் திறக்க உதவும் ரிமோட்டை ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. சரிவான பாதையில் ஹேண்ட்பிரேக்கை நம்பி வண்டியை நிறுத்திவிட்டு மழையில் இறங்கி ஓடுவதுதான் ஆபத்து. ஆனால் மோட்டாரின் விலையை விசாரிக்கும் அக்கறை, கதவின் வழியில் ஆள் இருந்தால் உணரும் மின்கண்ணைப் பற்றிக் கேட்பதில் இருப்பதில்லை. குழந்தைகள் கதவில் சிக்கி இறந்த பிறகே அமெரிக்கா, 1993 முதல் தயாராகும் வீட்டுக் கதவு இயந்திரங்களுக்கு, இடையில் ஆள் அகப்பட்டால் மேலே திரும்பும் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. கரண்ட் போனால் என்ன செய்வது என்பார்கள். 2022இல் 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட இலங்கையில் அது நியாயமான கேள்விதான். கையால் விடுவிக்கும் ஏற்பாடு இல்லாத இயந்திரத்தை வாங்கவே கூடாது. பனியின் ஈரம் படிந்து மின்கண் மறைந்தால்? கதவு மூட மறுக்கும். எரிச்சலாகத்தான் இருக்கும், துடைத்துவிடுங்கள், கழற்றச் சொல்லாதீர்கள்.