கதவைத் திறந்து பிடித்தவரும் கதவைத் திறந்த சட்டமும்

2015 செப்டம்பரில், குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராவதற்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த மைக் ஹக்கபீ, வானொலி நேர்காணல் ஒன்றில் ட்ரெட் ஸ்காட் வழக்கைக் குறிப்பிட்டார். கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று 1857இல் உச்ச நீதிமன்றம் அளித்த அந்தத் தீர்ப்பு இன்றளவும் நாட்டின் சட்டமாகவே நீடிக்கிறது, ஆனால் யாரும் அதைப் பின்பற்றுவதில்லை என்பது அவருடைய வாதம். நீதிமன்றம் தவறிழைத்தால் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்பதே அதன் வழியாக அவர் நிறுவ முயன்றது.

இந்த வாதம் அடிப்படையிலேயே தவறானது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1865இல் வந்த 13ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868இல் வந்த 14ஆம் திருத்தம், அமெரிக்க மண்ணில் பிறந்தோருக்குக் குடியுரிமையையும் சட்டத்தின் சமமான பாதுகாப்பையும் உறுதிசெய்தது. ட்ரெட் ஸ்காட் தீர்ப்பைப் புதைத்தது அரசமைப்புச் சட்டமே. அதிகாரிகள் எவரும் கீழ்ப்படிய மறுத்ததால் அது வீழ்ந்துவிடவில்லை.

இதைவிடக் கசப்பான முரண் ஒன்றும் இதில் உண்டு. ஒருபாலினத் திருமணத்தை ஏற்று 2015 ஜூன் 26 அன்று வந்த ஓபர்கெஃபல் தீர்ப்பை எதிர்க்கவே ஹக்கபீ இந்த வாதத்தை எடுத்தார். அந்தத் தீர்ப்பு நின்றதோ 14ஆம் திருத்தத்தின் மீது. கறுப்பின மக்களின் விடுதலைக்காக எழுதப்பட்ட சட்டவிதி இன்னொரு விலக்கப்பட்ட மக்களுக்கும் நீளும்போது, அதைத் தடுக்கக் கறுப்பின மக்களின் துயரமே சான்றாக இழுக்கப்பட்டது. இதை ஒரு நேர்காணலின் நாப்பிழை என்று நாம் கடந்துவிட முடியாது. அவரது பொதுவாழ்வு முழுவதையும் வைத்துப் பார்க்கும்போதுதான் இதன் பொருள் விளங்கும்.

1955இல் ஆர்கன்சா மாநிலத்தின் ஹோப் என்னும் சிற்றூரில், எளிய குடும்பத்தில் பிறந்தவர் ஹக்கபீ. ஜேம்ஸ் ராபிசன் என்ற தொலைக்காட்சிப் போதகரிடம் பணியாற்றிய பின், 1980 முதல் 1992 வரை பைன் பிளஃப், டெக்சர்கானா நகரங்களின் பாப்டிஸ்ட் சபைகளில் போதகராக இருந்தார். அவர் சார்ந்த தெற்கு பாப்டிஸ்ட் பேரவை, அடிமைகளை உடைமையாக வைத்திருப்போர் மறைப்பணியாளர் ஆகலாமா என்ற சிக்கலில் 1845இல் பிரிந்து உருவானது. அந்த வரலாற்றுக்காக அப்பேரவை மன்னிப்புக் கோரியது 1995இல்தான். இத்தகைய மரபுக்குள் இருந்துகொண்டு, வெள்ளையர் மட்டுமே இருந்த தம் பைன் பிளஃப் சபை கறுப்பினத்தவரையும் உறுப்பினராக ஏற்க வேண்டும் என்று 1980களில் வலியுறுத்தினார் ஹக்கபீ. இதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

1992இல் செனட் தேர்தலில் தோற்று, 1993இல் துணை ஆளுநராக வென்றார். 1996இல் அன்றைய ஆளுநர் குற்றத்தீர்ப்புக்கு உள்ளாகிப் பதவி விலகியதால் ஆளுநரானார். அமெரிக்காவில் மாநில ஆளுநர் என்பது நம் முதலமைச்சருக்கு நிகரான பதவி. பத்தாண்டுக்கும் மேல் நீடித்த ஆட்சியில், குறைந்த வருவாய்க் குடும்பங்களின் குழந்தைகளுக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 1997இல் வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு மன்னிப்போ தண்டனைக் குறைப்போ வழங்கினார். ஆவணமற்ற குடியேறிகளின் பிள்ளைகளும் மாநிலக் கல்லூரி உதவியைப் பெற வேண்டும் என்று 2005இல் வாதாடினார். பெற்றோர் செய்ததற்குப் பிள்ளைகளைத் தண்டிக்கலாகாது என்பது அன்று அவரது நிலைப்பாடு.

அதே மனிதர் 2007 இறுதியில் அதிபர் போட்டிக்காக வெளியிட்ட திட்டம், ஆவணமற்றோர் 120 நாட்களுக்குள் பதிவுசெய்து நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்றது. 2008 ஜனவரி 3 அன்று அயோவாவில் வென்றார். அடுத்த இரு வாரங்களுக்குள், கடவுளின் நெறிகளுக்கேற்ப அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று மிச்சிகனில் பேசினார். அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் போர்க்கொடியை என்ன செய்வது என்று வெளியார் சொல்லக் கூடாது எனத் தென் கரோலினாவில் முழங்கினார். வாக்காளர் மாறியதும் கருணையின் எல்லையும் மாறியது. கொடுப்பவரின் மனநிலையை நம்பி நிற்கும் எந்தச் சலுகைக்கும் இந்த ஆபத்து உண்டு.

இதை மிகத் தெளிவாகக் காட்டும் இடம் லிட்டில் ராக் மத்திய உயர்நிலைப் பள்ளி. 1957இல் ஒன்பது கறுப்பின மாணவர்கள் அங்கே நுழைவதைத் தடுக்க ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ் மாநிலக் காவற்படையை நிறுத்தினார். அதிபர் ஐசனாவர் கூட்டரசின் இராணுவத்தை அனுப்பிய பின்னரே அவர்கள் வகுப்பறைக்குச் செல்ல முடிந்தது. இப்போராட்டத்திலிருந்து எழுந்த கூப்பர் எதிர் ஆரன் வழக்கில், 1958 செப்டம்பரில் ஒன்பது நீதிபதிகளும் தனித்தனியே பெயரிட்டு ஒரே தீர்ப்பை அளித்தனர். அரசமைப்புச் சட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் அளிக்கும் விளக்கம் மாநிலங்களைக் கட்டுப்படுத்தும். ஆளுநரோ சட்டமன்றமோ அதை மீற முடியாது என்பதே அதன் சாரம்.

1997 செப்டம்பரில், நாற்பதாம் ஆண்டு நிறைவின்போது, அந்த ஒன்பது பேரும் மீண்டும் பள்ளிக்குள் நுழையக் கதவைத் திறந்து பிடித்து நின்றவர்கள் இருவர்: அதிபர் பில் கிளின்டன், ஆளுநர் ஹக்கபீ. அது நினைவுகூரத்தக்க காட்சி. ஆனால் அந்தக் கதவைத் திறந்தது எது? மாநில அதிகாரத்தை நீதிமன்றத் தீர்ப்பு கட்டுப்படுத்தும் என்ற கோட்பாடு. 2015இல் 'நீதித்துறை மேலாதிக்கம்' என்று பெயரிட்டு ஹக்கபீ தாக்கியது அதே கோட்பாட்டைத்தான்.

அந்த செப்டம்பரில் கென்டக்கியின் கவுண்டி அலுவலர் கிம் டேவிஸ், திருமண உரிமம் வழங்க மறுத்து நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறையிலிருந்தார். அவர் விடுதலையான நாளில் ஆதரவுப் பேரணி நடத்திய ஹக்கபீ, அவருக்குப் பதிலாகத் தாமே சிறை செல்லத் தயார் என்றார். மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரும் இந்த வாதத்துக்குத் துணையாக அழைக்கப்பட்டது. அதற்கு முந்தைய மாதம்தான், 'கறுப்பின உயிர்களும் முக்கியம்' என்ற முழக்கத்தைக் கேட்டால் கிங் திகைத்திருப்பார் என்று அவர் கூறியிருந்தார்.

நாமும் அநீதியான சட்டங்களை எதிர்ப்பவர்கள், தீர்ப்புகளைக் கடுமையாக விமர்சிப்பவர்கள். அப்படியானால் வேறுபாடு எங்கே என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். கிங் அரசுப் பதவி எதையும் வகிக்கவில்லை. விலக்கப்பட்டோரைச் சேர்க்கும்படி கேட்டு, தண்டனையைத் தாமே ஏற்றார். டேவிஸோ அரசின் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, குடிமக்களுக்குரியதைக் கொடுக்க மறுத்தார். முன்னது அதிகாரமற்றவரின் சட்ட மறுப்பு. பின்னது பள்ளி வாசலில் ஃபாபஸ் செய்த செயலின் வழித்தோன்றல்.

2025 ஏப்ரலில் செனட்டின் ஒப்புதலுடன் ஹக்கபீ இஸ்ரேலுக்கான தூதரானார். மேற்குக்கரை என்று ஒன்றில்லை, ஆக்கிரமிப்பு என்றும் ஒன்றில்லை என 2017இல் கூறியவர் அவர். வேதநூலுக்கு அவர் தரும் விளக்கமே அங்கும் ஒரு மக்களின் உரிமையை அளக்கும் கோலாகிறது.

ஆர்கன்சாவின் கதையும் முடிந்துவிடவில்லை. 2023 முதல் அங்கே ஆளுநர் அவருடைய மகள் சாரா ஹக்கபீ சாண்டர்ஸ். அவ்வாண்டு ஆகஸ்டில், ஆப்பிரிக்க அமெரிக்கர் குறித்த உயர்நிலைப் பாடத்துக்கு மாநில அங்கீகாரம் இல்லை என்று கல்வித்துறை அறிவித்தது. பாதிக்கப்பட்ட பள்ளிகளுள் ஒன்று லிட்டில் ராக் மத்திய உயர்நிலைப் பள்ளி. மகளின் ஆட்சிக்குத் தந்தையைப் பொறுப்பாக்க வேண்டியதில்லை. எனினும், விழாவில் திறக்கப்படும் கதவு பாடத்திட்டத்தில் மூடப்படலாம் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அம்பேத்கர் சிலைக்கு மாலையிட்டுக்கொண்டே அவர் கோரியவற்றை மறுக்கும் அரசியல் நமக்குப் புதிதன்று. நம்மோடு கைகுலுக்க வரும் தலைவர்களின் தனிப்பட்ட நற்பண்பை நாம் ஐயுற வேண்டியதில்லை; அது உண்மையாகவே இருக்கலாம். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: உங்கள் நம்பிக்கைக்கு எதிராகத் தீர்ப்பு வரும் நாளிலும், நீங்கள் விரும்பாத மக்களுக்கும் சமத்துவம் சட்டமாக நிற்கும் என்று ஏற்கிறீர்களா? இதற்கு ஆம் என்று சொல்லாதவர் பிடித்திருக்கும் கதவு, அவர் கையை எடுத்ததும் மூடிக்கொள்ளும்.