வீட்டில் பைப் வெடித்தால்

கனடாவில் பனிக்குக் குழாய் உறைந்து வெடித்ததாக உறவினர் சொல்லியிருப்பார்கள். தெமட்டகொடையில் பனி ஏது? இங்கே துருப்பிடித்த இரும்புக் குழாயும் சரியாக ஒட்டாத பிவிசி மூட்டும்தான் வெடிக்கின்றன.

கிணற்றடியில் வளர்ந்த எங்களில் பலருக்கு மீற்றரடி வால்வு எங்கே என்றே தெரியாது. இன்றே பார்த்து வையுங்கள் சகோதரிகளே. வெடித்தவுடன் முதலில் பூட்ட வேண்டியது அதைத்தான். சுவிட்ச் பக்கம் தண்ணீர் போகிறதென்றால் மெயினை நிறுத்துங்கள், ஈரக் கையோடு வேண்டாம். பழைய சைக்கிள் ரியூபை நீளமாக வெட்டி, இழுத்து இறுக்கிச் சுற்றினால் பாஸ் வரும்வரை தாங்கும்.

மீற்றருக்கு முன்னால் கசிந்தால் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு 1939 இல் அறிவியுங்கள். பின்னால் என்றால் ஓடும் ஒவ்வொரு 1000 லீற்றரும் உங்கள் பில்லில் ஒரு யூனிட். வாடகை வீடா? வீட்டுக்காரரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், பில் வரும்வரை காத்திராதீர்கள்.